காகிதத்திலிருந்து கணினிக்கு: வார்டில் நாங்கள் கற்றவை

எங்கள் மருத்துவமனையில் காகிதக் கேஸ் ஷீட்டை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கணினியில் பதியத் தொடங்கியபோது நான் பொது மருத்துவ வார்டில் இருந்தேன். சக நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் 'சூப்பர் யூசர்' பொறுப்பும் என்னிடம் இருந்தது. அந்தக் காலத்தில் எனக்கு உறுதியாகப் பட்ட விஷயம் ஒன்று உண்டு. புது சிஸ்டத்தில் நர்ஸ் எந்த இடத்தில் குறுக்கு வழி எடுக்கிறாரோ, அந்த இடத்தில்தான் பெரும்பாலும் சிஸ்டத்தின் கோளாறும் இருக்கிறது. அவரைக் கூப்பிட்டுத் திட்டினால் அவர் அதை மறைவாகச் செய்வார், கோளாறு அப்படியே இருக்கும். பக்கத்தில் நின்று அவர் செய்வதைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். இதே மாற்றத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் நர்ஸ்களுக்கும் இன்சார்ஜ்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மருந்து ரவுண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். பலனும் சிரமமும் அங்கேதான் அதிகம். ஏற்பாடு என்னவோ எளிமையானது. நோயாளியின் மணிக்கட்டில் பார்கோடு உள்ள பட்டை இருக்கும், மருந்து உறையிலும் பார்கோடு இருக்கும். முதலில் பட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும், அப்புறம் மருந்தை. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று படிக்கிற காலத்திலேயே நமக்கு மனப்பாடமான ஐந்தையும் கணினி ஒருமுறை ஒத்துப் பார்க்கும். ஏதாவது பொருந்தாவிட்டால் திரையில் சிவப்பில் எச்சரிக்கை வரும்.

இந்த யோசனை ஒரு நர்ஸுடையது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தவர் சூ கின்னிக். 1992-இல் அவர் ஒரு வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அங்கிருந்த ஊழியர் கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு காரின் பார்கோடைப் படிப்பதைப் பார்த்தார். காருக்குச் செய்ய முடிவதை மருந்துக்கும் நோயாளிக்கும் ஏன் செய்யக் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய மருத்துவமனையில் தொடங்கிய ஏற்பாடு பின்னர் அந்த நாட்டின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகள் முழுக்கப் பரவியது. பயிற்சி வகுப்பில் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். மேலிருந்து நம் தலையில் கட்டப்பட்ட பொருள் இது என்ற எண்ணம் அதைக் கேட்டதும் கொஞ்சம் தளரும்.

பலனுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. பாஸ்டன் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. நர்ஸ்கள் 14,000 முறைக்கு மேல் மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் குறித்த ஆய்வு அது. நேரம் தவறியதை விட்டுவிட்டு மற்ற தவறுகளை மட்டும் எடுத்தால், பார்கோடு இல்லாத வார்டுகளில் 11.5 சதவீதம், இருந்த வார்டுகளில் 6.8 சதவீதம். டாக்டரின் ஆர்டரைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதும்போது வரும் தவறு, பார்கோடு இருந்த வார்டுகளில் ஒன்றுகூட இல்லை. ராத்திரி டியூட்டியில் அரைகுறை வெளிச்சத்தில் டாக்டரின் கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியின் அருமை புரியும்.

சரி, வார்டில் நிஜமாக என்ன நடந்தது? காலை எட்டு மணி ரவுண்டு. வயதான ஒருவர் கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பிக் கையை எடுத்தால் பட்டை திரும்பியிருக்கும். குளித்துவிட்டு வந்தவரின் பட்டை நனைந்து, கோடுகள் கரைந்திருக்கும். மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுத்திருப்பார்கள், பார்கோடு இருந்த துண்டு யாரோ ஒருவருக்குப் போயிருக்கும். அரை மாத்திரைக்குப் பார்கோடே கிடையாது. ஜன்னல் ஓரப் படுக்கைக்குப் போனால் வைஃபை விட்டுவிட்டு வரும். இத்தனைக்கும் நடுவில் ஒருவர் "சிஸ்டர், ட்ரிப் முடிஞ்சிருச்சு" என்று கூப்பிடுவார்.

கொஞ்ச நாளில் டிராலியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. நோயாளிகளின் பார்கோடு ஸ்டிக்கர்கள் அதில் வரிசையாக இருந்தன. படுக்கைக்குப் போகாமலே டிராலியில் ஸ்கேன் செய்து எல்லா மருந்தையும் எடுத்துவைத்துவிடலாம். கணினிக்கு எல்லாம் சரி. ஆனால் சரியான நோயாளியா என்ற முதல் சோதனை அந்த இடத்திலேயே காணாமல் போய்விட்டது.

நிர்வாகத்தில் சிலர் யார் ஒட்டினார்கள் என்று விசாரிக்கக் கிளம்பினார்கள். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அதை நிறுத்திவிட்டு பார்மசியிலிருந்து ஒருவரையும் கணினிப் பிரிவிலிருந்து ஒருவரையும் காலை ரவுண்டுக்கே வரவழைத்தார். ஒரு முழு ரவுண்டு டிராலியோடு கூடவே நடந்தார்கள். அந்த நடையில் அவர்கள் கண்ணால் பார்த்ததை எந்தக் கூட்டத்திலும் வாயால் விளக்கியிருக்க முடியாது. அரை மாத்திரைகளைச் சின்னக் கவரில் போட்டு லேபிள் ஒட்டி அனுப்ப பார்மசி ஒப்புக்கொண்டது. அட்டையைப் பார்கோடு இல்லாத பக்கத்திலிருந்தே வெட்ட வேண்டும் என்று முடிவானது. நனைந்தால் கரையாத பட்டை வாங்கினார்கள். பட்டையை ட்ரிப் போடாத கையில், நம்பர் வெளியே தெரியும்படி கட்டத் தொடங்கினோம். மாற்றுப் பட்டை வேண்டுமென்றால் அட்மிஷன் கவுன்டருக்கு ஆள் அனுப்பாமல் வார்டிலேயே அச்சடிக்கலாம், ஆனால் பழையதைக் கழற்றிக் கிழித்துப் போட்ட பிறகுதான் புதியதைக் கட்ட வேண்டும். வைஃபை சரியாவதற்குத்தான் நாளானது. இவை நடந்த பிறகு டிராலியில் இருந்த ஸ்டிக்கர் தாளை யாரும் புதுப்பிக்கவில்லை, அது தானாகவே போய்விட்டது.

இது எங்கள் வார்டின் கதை மட்டும் இல்லை. 2008-இல் ராஸ் காப்பல் என்ற ஆய்வாளரின் குழு ஐந்து மருத்துவமனைகளில் பார்கோடு மருந்து முறையை ஆராய்ந்து, 15 வகைக் குறுக்கு வழிகளையும் அவற்றுக்கான 31 காரணங்களையும் பட்டியலிட்டது. கசங்கிய பார்கோடு, நனைந்த அல்லது காணாமல் போன பட்டை, தீர்ந்துபோன பேட்டரி, நிலையில்லாத வைஃபை, பார்கோடே இல்லாத மருந்து என்று அந்தப் பட்டியல் போகிறது. படித்தபோது எங்கள் வார்டைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது.

அடுத்தது டோஸ் நேரம். இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் வார்டின் மூத்த சிஸ்டர். தட்டச்சு அவருக்கு மெதுவாகத்தான் வரும், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துவார். இளையவர்களில் சிலர் அவர் பின்தங்கிவிட்டார் என்று நினைத்தார்கள். ஒரு ராத்திரி காய்ச்சலோடு ஒரு நோயாளி அட்மிட் ஆனார். டாக்டர் கணினியில் ஆன்டிபயாடிக் ஆர்டர் போட்டுவிட்டுப் போனார். சிஸ்டர் திரையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "இங்க பாரும்மா, முதல் டோஸ் நாளைக்குக் காலையிலன்னு காட்டுது. இவருக்கு இப்பவே போகணும்ல?" விஷயம் என்னவென்றால், ஒரு நாளைக்கு இத்தனை வேளை என்று டாக்டர் தேர்ந்தெடுத்ததும், வார்டின் வழக்கமான மருந்து நேரங்களில் அடுத்து வருவதை சிஸ்டம் தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது. முதல் டோஸ் உடனே என்பதற்குத் தனியாக ஒரு கட்டத்தை டிக் செய்ய வேண்டும். காகிதத்தில் இந்தச் சிக்கலே இல்லை. ஆர்டரைப் பார்க்கும் நர்ஸ் முதல் டோஸை உடனே போட்டுவிடுவார், மீதியை வார்டு நேரத்துக்கு மாற்றிக்கொள்வார். யாரும் எழுதி வைக்காத அந்த வழக்கம் நர்ஸ்களின் தலைக்குள் மட்டுமே இருந்தது, மென்பொருள் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு ஆர்டரைத் திருத்தி, அன்றிரவே மருந்து போனது. பிறகு, ஊசி வழி ஆன்டிபயாடிக் ஆர்டர் போடும்போது முதல் டோஸ் எப்போது என்று சிஸ்டமே கேட்கும்படி மாற்றினார்கள்.

அதனால் என் முதல் யோசனை: மென்பொருளை அமைக்கும் குழுவில், வேகமாகத் தட்டச்சு செய்பவரை உட்காரவைப்பதற்கு முன், வார்டை உள்ளங்கைபோல் அறிந்த மூத்த நர்ஸை உட்காரவையுங்கள். தட்டச்சு பழகப் பழக வந்துவிடும், அவருடைய கண் எளிதில் வராது.

இதன் தீவிரத்தைச் சொல்ல ஒரு பழைய ஆய்வு போதும். பிட்ஸ்பர்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில், டாக்டர்கள் கணினியிலேயே ஆர்டர் போடும் முறை வந்த பிறகு, வேறு மருத்துவமனைகளிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்ததாக 2005-இல் ஓர் ஆய்வு வெளியானது. முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்ஸில் வரும்போதே மருந்துகளைத் தயார்செய்துவிடுவார்கள். புது முறையில் குழந்தை வந்து சேர்ந்து, பதிவு முடிந்த பிறகுதான் ஆர்டரே போட முடிந்தது. படுக்கையருகே இருக்க வேண்டியவர்களின் நேரத்தையும் கணினி எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே, அதே மென்பொருளைப் பயன்படுத்திய சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை, தங்களிடம் இறப்பு கூடவில்லை என்று அறிக்கை வெளியிட்டது. மென்பொருள் ஒன்றுதான், அதை வார்டின் வேலையோடு எப்படிப் பொருத்தினார்கள் என்பது வேறு. ஒவ்வொரு இன்சார்ஜும் இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்தே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பயிற்சியைப் பற்றி. வகுப்பறையில் ஏசி போட்டு, ஒரு கற்பனை நோயாளியை வைத்து, யாரும் குறுக்கே பேசாமல் கற்றுக்கொடுத்தால் எல்லோருக்கும் எல்லாம் வரும். வார்டில் அது உதவாது. பயிற்சிக்கான நோயாளிகளைச் சிக்கலானவர்களாக வையுங்கள்: சர்க்கரை அளவைப் பார்த்து இன்சுலின் அளவு மாறும் ஒருவர், ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவர், பாதி மருந்து கொடுத்திருக்கும்போது ஐ.சி.யூ.வுக்கு மாற்றப்படும் ஒருவர், ஒரே பெயரில் அடுத்தடுத்த படுக்கையில் இருவர். நாங்கள் முழித்ததெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில்தான். பயிற்சிக்கும் சிஸ்டம் தொடங்கும் நாளுக்கும் இடையே நீண்ட இடைவெளி விடாதீர்கள், மறந்துபோகும். முதல் சில வாரங்களுக்கு ஒரு நர்ஸுக்கு வழக்கத்தைவிடக் குறைவான நோயாளிகளைக் கொடுக்க வேண்டும். சூப்பர் யூசரை டியூட்டிக் கணக்கில் சேர்க்கவே கூடாது. தனக்கென்று படுக்கைகள் உள்ள ஒருவர் இன்னொருவர் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. எங்களுக்கு இதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்கத் தயங்காதீர்கள். ராத்திரி ஷிப்ட்டுக்கும் ஒரு சூப்பர் யூசர் வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பி.பி., நாடி, மூச்சு, வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை உடனுக்குடன் பதிவதுதான் பழக்கத்துக்கு வர ரொம்ப நாள் எடுத்தது. எல்லா நோயாளிகளுக்கும் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, ரவுண்டு முடிந்ததும் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றுவது நம் பழைய வழக்கம். காகிதச் சார்ட்டில் இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. கணினியில் உண்டு. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் 'நியூஸ்' மதிப்பெண் முறையைப் பல சிஸ்டங்கள் இப்போது தாமாகவே கணக்கிடுகின்றன. மூச்சு, ஆக்சிஜன், பி.பி., நாடி, சுயநினைவு, வெப்பநிலை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், ஆக்சிஜன் வைத்திருந்தால் கூடுதலாகச் சேரும். மொத்தம் 5 அல்லது 6 வந்தால் டாக்டர் அவசரமாகப் பார்க்க வேண்டும், 7 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனடி நடவடிக்கை. எண்களைச் சட்டைப்பையில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால், எச்சரிக்கையும் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போகும்.

இதிலும் திட்டிப் பலன் இல்லை. ஏன் சீட்டில் குறிக்கிறார்கள் என்று பார்த்தபோது, நகரும் கணினிகள் போதாமல் இருந்தன, இருந்தவற்றில் சிலவற்றுக்குச் சார்ஜ் நிற்கவில்லை, ஒவ்வொரு படுக்கையிலும் பாஸ்வேர்டு கேட்டது. அடையாள அட்டையைத் தொட்டால் கணினி திறக்கும் வசதி வந்ததும் நிலைமை நிறைய மாறியது. ஒருவரின் லாகினில் இன்னொருவர் பதிவது நின்றதும் அதற்குப் பிறகுதான். லாகினைப் பகிராதீர்கள். நீங்கள் கொடுக்காத மருந்துக்கு உங்கள் பெயர் நிற்கும்.

நோயாளிகளின் மனக்குறையையும் சொல்ல வேண்டும். "முன்னெல்லாம் முகத்தைப் பாத்துப் பேசுவீங்க சிஸ்டர்" என்று ஒரு அம்மா சொன்னது எனக்கு மிகவும் உறைத்தது. அதன் பிறகு எங்கள் வார்டில் ஒரு சின்ன ஒழுங்கு வைத்துக்கொண்டோம். படுக்கைக்குப் போனதும் முதலில் நோயாளியிடம் பேச்சு, அப்புறம் திரை. கணினியை நமக்கும் அவருக்கும் நடுவில் நிறுத்தாமல் பக்கவாட்டில் நிறுத்துவது. பதியும்போது என்ன பதிகிறோம் என்று அவருக்குச் சொல்வது: "உங்க வலி நேத்து ஏழுன்னு சொன்னீங்க, இன்னிக்கு நாலுன்னு போடறேன், சரிதானே?" சில நேரம் அவரே திருத்துவார். அந்தத் திருத்தம் விலைமதிப்பில்லாதது.

எச்சரிக்கைப் பெட்டிகளைப் பற்றி நிறைய எழுதலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றுக்கும் உதவாத எச்சரிக்கை அடிக்கடி வந்தால், உயிர்காக்கும் எச்சரிக்கை வரும்போதும் விரல் பழக்கதோஷத்தில் 'சரி'யை அழுத்திவிடும். எந்த எச்சரிக்கையை எல்லோரும் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்ற கணக்கு சிஸ்டத்திலேயே இருக்கும். அதை மாதம் ஒருமுறை எடுத்துத் தரச்சொல்லி, உதவாததை நிறுத்தச் சொல்லுங்கள். நேற்றைய குறிப்பை இன்றைக்கு அப்படியே நகலெடுக்கும் பொத்தானையும் கவனியுங்கள். அகற்றி இரண்டு நாளான சிறுநீர்க் குழாய் 'நன்றாக வடிகிறது' என்று குறிப்பில் தொடர்ந்தால், அடுத்து படிப்பவர் எதையுமே நம்ப மாட்டார். டிக் செய்யும் கட்டங்களோடு நிற்காமல், சொந்த வார்த்தையில் ஒரு வரியாவது எழுதுங்கள். 'எண்கள் எல்லாம் சரி, ஆனால் காலையில் இருந்ததைவிட சோர்ந்திருக்கிறார், கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொல்கிறார்' என்பதற்கு எந்தக் கட்டமும் கிடையாது. டாக்டரை ஓடிவரவைப்பது பல நேரம் அந்த வரிதான்.

இனி, சிஸ்டம் நின்றுபோகும் நேரம். நிற்காது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற தீய நிரல் பரவியபோது இங்கிலாந்தின் பல பொது மருத்துவமனைகள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்ப வேண்டிவந்தது. அவ்வளவு பெரிதாக ஒன்றும் தேவையில்லை, ஒரு சர்வர் மக்கர் செய்தாலே போதும்.

எங்கள் வார்டில் ஒரு நள்ளிரவு அப்படி ஆனது. திரை அப்படியே நின்றுவிட்டது. வார்டில் ஒரு கணினி மட்டும் யு.பி.எஸ்.ஸிலும் பிரிண்டரிலும் தனியாக இணைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு நோயாளியின் மருந்துப் பட்டியலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதில் தானாகச் சேமிக்கப்படும். அதிலிருந்து அச்செடுத்து, படுக்கைக்கு ஒரு தாளாக வைத்தோம். கடைசியாகச் சேமித்ததற்கும் சிஸ்டம் நின்றதற்கும் இடையில் கொடுத்த மருந்துகள் அதில் இல்லை. அவற்றை, கொடுத்தவரே நினைவோடு உடனே எழுதிச் சேர்த்தார், குறிப்பாக இன்சுலினும் வலி மருந்தும். லேபுக்கு மாதிரியோடு ஆளே போய் ரிசல்ட்டை எழுதி வாங்கிவந்தார்.

ஆபத்து வந்தது சிஸ்டம் திரும்பிய பிறகு. விடியற்காலையில் திரை வந்ததும், நாங்கள் ராத்திரி முழுக்கக் காகிதத்தில் கொடுத்த அத்தனை டோஸும் 'நேரம் கடந்துவிட்டது, கொடுக்கவில்லை' என்று சிவப்பில் நின்றன. காலை டியூட்டிக்கு வந்தவர் திரையை மட்டும் பார்த்தால் ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை கொடுத்துவிடுவார். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் நர்ஸ் ஸ்டேஷனில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "காகிதத்துல இருக்கிறது எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறி முடியற வரைக்கும், திரையைப் பாத்து யாரும் மருந்து எடுக்காதீங்க." கொடுத்தவரே தன் தாளைப் பார்த்துப் பதிந்தார், இன்னொருவர் கூட உட்கார்ந்து சரிபார்த்தார். கொடுத்த நேரம் வேறு, பதிந்த நேரம் வேறு என்று காட்டும் 'தாமதப் பதிவு' குறியைப் போட்டோம். ஒரு நோயாளியின் பதிவு முழுதாக முடிந்த பிறகுதான் அவருடைய அடுத்த டோஸைத் திரையிலிருந்து எடுத்தோம். தாள்களை எறியாமல் கேஸ் ஃபைலில் சேர்த்தோம். உங்கள் மருத்துவமனையில் சிஸ்டம் நின்றால் என்ன செய்வது என்ற குறிப்பு நிச்சயம் இருக்கும். திரும்பி வந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த ஒழுங்கை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதப் படிவங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது ராத்திரி டியூட்டிக்குப் புதிதாக வருபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறையாவது பகலில் ஒத்திகை பாருங்கள்.

கணினிப் பிரிவிடம் புகார் சொல்லும் முறையையும் நாங்கள் போகப்போகத்தான் கற்றோம். 'சிஸ்டம் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த நேரம், எந்தத் திரை, எதை அழுத்தினீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், அதனால் நோயாளிக்கு என்ன ஆகியிருக்கும் என்று எழுதுங்கள். திரையைப் படமெடுத்தால் நோயாளியின் பெயரும் நம்பரும் மறைந்திருக்க வேண்டும், வாட்ஸாப்பில் அனுப்பக் கூடாது. நாங்கள் நர்ஸ் ஸ்டேஷனில் ஒரு நோட்டு வைத்தோம். குறுக்கு வழி எடுத்தவர் தன் பெயர் எழுத வேண்டியதில்லை, எங்கே எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று மட்டும் எழுதினால் போதும். வாரம் ஒருமுறை கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து அதைப் படிப்பார். சரிசெய்துவிட்டவற்றுக்குப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவைப்பார், முடியாதவற்றுக்கு ஏன் முடியாது என்று எழுதுவார். அந்தத் தேதிகளைப் பார்க்கப் பார்க்கத்தான் எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். அந்த நோட்டு இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. மென்பொருளின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அதில் மறுபடியும் நாலைந்து பக்கம் நிறைகிறது.